டீசல் பிக்கப் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்: வண்டிக்குத் தெரிந்ததை ஓட்டுபவருக்கும் சொல்லுங்கள்

டீசல் பிக்கப் வண்டிகளை வடிவமைக்கிற, அவற்றின் இன்ஜின் கணினிக்கு மென்பொருள் எழுதுகிற, பழுதுபார்ப்புக் கையேடு தயாரிக்கிற நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

நான் டீசல் வண்டிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். என்னிடம் வரும் பிக்கப்களில் பலவற்றின் இன்ஜின் நல்ல நிலையில்தான் இருக்கிறது. பிஸ்டன், வால்வு, கிராங்க் எதிலும் குறை இருக்காது. சிக்கல் அதற்குப் பின்னால், புகையைச் சுத்தப்படுத்தும் பகுதியில் இருக்கும். முதலில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், அப்புறம் இழுவை குறையும், அப்புறம் லிம்ப் மோடுக்கு, அதாவது கணினியே வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும் நிலைக்குப் போய் ஊர்ந்துதான் வந்து சேரும். ஓட்டி வந்தவர் கேட்பது ஒரே கேள்வி: "நேத்துவரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு, திடீர்னு என்ன ஆச்சு?"

திடீரென்று எதுவும் ஆகவில்லை. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் வண்டியின் கணினிக்கு இது எப்போதோ தெரியும் என்பது புரிந்துவிடுகிறது. புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டியில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது, கடைசியாக அதை முழுதாக எரித்து எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, தொடங்கிப் பாதியில் நின்றுபோன முறைகள் எத்தனை, வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தம் என்ன, வெப்பம் என்ன, எல்லாம் உள்ளே பதிவாகியிருக்கும். இதில் ஒரு எண்கூட ஓட்டுபவர் கண்ணில் படுவதில்லை. அவருக்குக் கிடைப்பது ஒரு விளக்கு. அதுவும் நிலைமை முற்றத் தொடங்கிய பிறகு.

உங்களிடம் நான் கேட்பது இதைத்தான்: வண்டிக்குத் தெரிந்ததை ஓட்டுபவருக்கும், அதைப் பழுதுபார்ப்பவருக்கும் நேரத்தோடு சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் விடுவதால் எங்கெங்கே என்னென்ன கெட்டுப்போகிறது என்பதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

டிபிஎஃப் எனப்படும் இந்தக் கரி வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இது திறந்த மடல். வண்டி வைத்திருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீங்கான் உருளைக்குள் நீளவாக்கில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழல்கள். ஒன்றுவிட்டு ஒன்றின் வாய் அடைக்கப்பட்டிருக்கும். அதனால் புகை ஒரு குழலுக்குள் நுழைந்து, நுண்துளைச் சுவரைத் தாண்டி, பக்கத்துக் குழல் வழியாகத்தான் வெளியேற முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். பாரத்தோடு ஓடும்போது புகைக்குழாய் 250 முதல் 400 டிகிரி செல்சியஸ்வரை சூடாக இருந்தால், நைட்ரஜன் டையாக்சைடின் உதவியோடு கரி தானாகவே மெல்ல மெல்ல எரியும். அது போதாதபோது கணினி கூடுதல் டீசலைப் பாய்ச்சுகிறது. சில வண்டிகளில் சிலிண்டருக்குள்ளேயே தாமதமாக, சிலவற்றில் புகைக்குழாயில் உள்ள தனி இன்ஜெக்டர் வழியாக. அந்த டீசல் வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் ஆக்சிடேஷன் கேட்டலிஸ்டில் (வினையூக்கியில்) எரிந்து, வடிகட்டியின் வெப்பத்தை 600 டிகிரி அளவுக்கு ஏற்றுகிறது. கரி எரிந்து தீர்கிறது. இதைத்தான் ரீஜென் என்கிறோம். சுமார் 20 நிமிடம், சில சமயம் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும்.

இந்த 20 நிமிடத்தில்தான் முதல் குறை தொடங்குகிறது. உங்கள் வண்டிகளில் பலவும் ரீஜென் நடப்பதை ஓட்டுபவருக்குச் சொல்வதில்லை. அவர் சரக்கை இறக்கப் போகிறார், வந்து சேர்ந்ததும் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுகிறார். ரீஜென் பாதியில் அறுந்துபோகிறது. அடுத்த முறை ஸ்டார்ட் செய்ததும் எரித்தல் உடனே தொடர்வதில்லை; இன்ஜின் மறுபடி சூடேறி, வேகம் கூடி, எல்லா நிபந்தனையும் பொருந்திவர வேண்டும். அதற்குள் அவர் அடுத்த இடத்தில் நிறுத்திவிடுவார். இப்படி நாலைந்து முறை அறுந்தால் கரி ஏறிக்கொண்டே போகிறது. அதோடு, சிலிண்டருக்குள் டீசலைப் பாய்ச்சும் வண்டிகளில் அந்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். ஆயில் கூடினால் நல்லதுதானே என்று நினைத்து அப்படியே ஓட்டுகிறவர்கள் நிறைய. டீசல் கலந்து நீர்த்த ஆயில் பேரிங்கையும் டர்போவையும் தின்றுவிடும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

அனுபவம் உள்ள ஓட்டுநர்கள் இதைக் காதாலும் மூக்காலும் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஐட்லிங் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடும், இன்ஜின் சத்தம் கனத்துக் கேட்கும், உடனடி மைலேஜ் எண் சட்டென்று விழும், சூட்டு வாடை வரும், வண்டியை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் வேகமாக ஓடும். "ஃபேன் ஓடுதுன்னா இன்னும் பத்து நிமிஷம் ஓட்டிட்டு நிறுத்து" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். நல்ல அறிவுதான். ஆனால் திரையில் ஒரு வரி வந்திருந்தால் இந்த ஊகம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. முடியாத காரியமும் இல்லை. ஃபோர்டு சூப்பர் டியூட்டி போன்ற பெரிய பிக்கப்களில் வடிகட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருப்பதாகத் திரையிலேயே செய்தி வருகிறது. அந்த வசதி எல்லாப் பிக்கப்பிலும் ஏன் இல்லை என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதும் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது, பழுதைத் தேடும் வழி. இதில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம்.

உங்கள் கையேடுகளில் பி2463 என்ற கோடுக்கு, அதாவது கணினி காட்டும் பழுதுக் குறியீட்டுக்குப் போனால், கரி அளவு கூடுதல், ரீஜென் செய்யவும், சரியாகாவிட்டால் வடிகட்டியை மாற்றவும் என்கிற தொனியில் இருக்கிறது. ஏன் கூடியது என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை, இருந்தாலும் கடைசிப் பக்கத்தில். வடிகட்டி என்பது சளியைப் பிடித்துவைக்கும் கைக்குட்டை மாதிரி. கைக்குட்டையை மாற்றினால் சளி நிற்காது. கரியை அளவுக்கு மீறி உண்டாக்குவது எது, அல்லது எரிய விடாமல் தடுப்பது எது என்று பார்க்காமல் ஸ்கேனரில் கட்டாய ரீஜெனைத் தட்டிவிட்டு அனுப்பினால், வண்டி கொஞ்ச நாளில் அதே கோடோடு திரும்பி வரும். புது வடிகட்டி மாட்டினாலும் அதே கதிதான்.

நான் தேடும் ஒழுங்கை இங்கே சொல்கிறேன். உங்கள் கையேட்டில் இருந்திருக்க வேண்டியது இது.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், சாவியை ஆன் செய்து ஸ்கேனரில் புகைக்குழாய் வெப்ப சென்சார்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வெளிக்காற்றின் வெப்பம் எவ்வளவோ கிட்டத்தட்ட அதையே எல்லாம் காட்ட வேண்டும். நாலு சென்சாரில் மூன்று 28 என்றும் ஒன்று மட்டும் 90 என்றும் காட்டினால் அந்த ஒன்று பொய் சொல்கிறது. பொய் சொல்லும் சென்சாரை நம்பி கணினி ரீஜெனையே தொடங்காமல் இருக்கலாம், அல்லது தொடங்கிப் பாதியில் வெட்டிவிடலாம். இரண்டு நிமிட வேலை, ஒரு போல்ட்கூடக் கழற்ற வேண்டாம்.

அதே நிலையில் அழுத்த வேறுபாட்டு சென்சாரையும் பார்க்கலாம். இன்ஜின் ஓடவில்லை என்றால் புகையும் இல்லை, ஆகவே வேறுபாடு பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். ஏதாவது எண் காட்டினால் சென்சார் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். சென்சாருக்குப் போகும் இரண்டு சின்னக் குழாய்களை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். சூட்டில் வெடித்திருக்கும், தண்ணீர் கோத்திருக்கும், கரியால் அடைத்திருக்கும், சில சமயம் முன்னும் பின்னும் மாற்றிச் செருகப்பட்டிருக்கும். முன்பக்கக் குழாய் ஒழுகினால் வடிகட்டி நிறைந்திருந்தாலும் காலியாக இருப்பதுபோல் தெரியும். பின்பக்கக் குழாய் அடைத்தால் வேறு மாதிரி ஏமாற்றும். சாதாரண ரப்பர் குழாய்க்காக விலை உயர்ந்த வடிகட்டி தூக்கி எறியப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். பி2452 முதல் பி2455 வரையான கோடுகள் இந்த சென்சாரின் சர்க்யூட்டைப் பற்றியவை. அவை இருக்கும்போது கரி அளவைப் பற்றிய எந்தக் கோடையும் அப்படியே நம்பக் கூடாது.

அப்புறம் இன்ஜினுக்குப் போக வேண்டும். காற்றை அழுத்தித் தரும் டர்போவுக்கும் அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் இடையே ஒரு ஹோஸ் கிழிந்திருந்தாலே போதும். காற்று குறைந்து டீசல் சரியாக எரியாமல் கரி கொட்டும். டிபிஎஃப் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வதால் பின்னால் கறுப்புப் புகையும் தெரியாது. பழைய வண்டியாக இருந்தால் புகையைப் பார்த்தே சொல்லிவிடுவோம், இதில் அந்த அடையாளமே மறைந்துபோகிறது. ஒழுகும் இன்ஜெக்டர், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வு திறந்த நிலையில் சிக்குவது, உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கேறுவது எல்லாம் இதே கணக்குதான்.

யாரும் சந்தேகப்படாத ஒன்று, கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தி இன்ஜின் சூட்டைக் காக்கும் தெர்மோஸ்டாட். அது திறந்தே நின்றுவிட்டால் கூலன்ட் 65, 70 டிகிரியைத் தாண்டாது. ஓட்டுபவருக்கு எந்தக் குறையும் தெரியாது. வண்டி சூடாகவில்லை என்று யார் கவலைப்படுவார்கள்? ஆனால் கணினியோ இன்ஜின் இன்னும் போதிய சூட்டுக்கு வரவில்லை என்று சொல்லி ரீஜெனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும். டேங்கில் டீசல் குறைவாக இருந்தாலும் பல வண்டிகள் ரீஜெனைத் தொடங்காது. எப்போதும் ரிசர்வில் ஓட்டும் பழக்கம் உள்ளவருக்கு இது தெரிந்திருந்தால் வடிகட்டி பிழைத்திருக்கும். ரீஜெனைத் தடுத்து நிறுத்தும் நிபந்தனைகள் என்னென்ன என்று உங்கள் மென்பொருளில் ஒரு பட்டியலே இருக்கிறது. எந்த நிபந்தனை இப்போது தடுக்கிறது என்பதும் அதற்குத் தெரியும். அதை ஸ்கேனரில் காட்டினால் எங்களுக்கு அரை நாள் தேடல் மிச்சம்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டுமே கட்டாய ரீஜென். அது நடக்கும்போதும் கண் ஸ்கேனரில்தான் இருக்க வேண்டும். ஆக்சிடேஷன் கேட்டலிஸ்டுக்குள் நுழையும் வெப்பம் 300 என்றால், வெளியேறும் வெப்பம் 550, 600 என்று ஏற வேண்டும். உள்ளே 300, வெளியே 330 என்றே நின்றால் ஒன்று கூடுதல் டீசல் வந்துசேரவில்லை, அல்லது கேட்டலிஸ்டின் முகம் படிவுகளால் மூடிப்போயிருக்கிறது. இரண்டாவதாக இருந்தால் எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியே வரும். ரீஜெனைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பயனில்லை, கெடுதல்தான் அதிகம்.

ரீஜென் வெற்றிகரமாக முடிந்தும் அழுத்த வேறுபாடு இறங்கவே இல்லையா? அப்போது உள்ளே இருப்பது கரி இல்லை, சாம்பல். இன்ஜின் ஆயிலில் சேர்க்கப்படும் கால்சியம், துத்தநாகம் போன்ற உலோகப் பொருள்கள் எரிந்தபின் மிஞ்சுவது அது. எத்தனை டிகிரி ஏற்றினாலும் எரியாது. வடிகட்டியைக் கழற்றி, அதற்கென்று உள்ள இயந்திரத்தில் காற்றாலும் சூட்டாலும் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். பி242எஃப் என்ற கோடு இதைத்தான் சொல்கிறது. சாம்பல் எவ்வளவு சீக்கிரம் நிறையும் என்பது ஆயிலைப் பொறுத்தது. ஐரோப்பிய ஏசிஇஏ சி3 வகை ஆயிலில் சல்ஃபேட்டட் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அமெரிக்க சிஜே-4, சிகே-4 வகைகளில் 1 சதவீதம். டிபிஎஃப் வராத காலத்து ஆயிலை ஊற்றினால் வடிகட்டியின் ஆயுள் பாதியிலேயே முடியும். ஆனால் இந்தத் தகவல் ஓட்டுபவர் கையேட்டில் எங்கோ ஒரு அட்டவணையின் அடியில், எழுத்துக் குறியீடாக மட்டும் இருக்கிறது. ஆயில் மூடியின் மேலேயே எழுதி ஒட்ட உங்களுக்கு எவ்வளவு ஆகும்?

கட்டாய ரீஜெனைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கிறேன், கையேடுகள் இதைப் போதுமான அளவு அழுத்திச் சொல்வதில்லை. அளவுக்கு மீறிக் கரி சேர்ந்த வடிகட்டியில் தீ பற்றினால் வெப்பம் கட்டுமீறிப் போய் பீங்கான் வெடித்துவிடும், உருகியும்விடும். நின்ற இடத்தில் ரீஜென் செய்யும்போது புகைக்குழாயின் அடியில் காய்ந்த புல்லோ சருகோ இருந்தால் வண்டியே எரியலாம். திறந்த சிமென்ட் தரை, பக்கத்தில் ஆள், கையில் தீயணைப்பான். தொடங்கும் முன் ஆயில் அளவு, முடிந்தபின் ஆயில் மாற்றம். இதில் எதையும் விட்டுவிடக் கூடாது.

இனி, எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் ஒரு அறிவுரை: "ஹைவேயில் ஒரு மணி நேரம் விரட்டினால் சரியாகிவிடும்." குறுந்தூரம் ஓடும் வண்டிக்குப் பெரும்பாலும் இது பொருந்தும். ஆனால் இதையே எல்லாவற்றுக்கும் மருந்தாக நீங்களும் உங்கள் டீலர்களும் சொல்வதை ஏற்க முடியாது. ஆஸ்திரேலியாவில் நடந்த டொயோட்டா வழக்கை நினைவுபடுத்துகிறேன். 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை அங்கே விற்ற ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சுனர் டீசல் வண்டிகள், 2,64,170. அவற்றின் டிபிஎஃப் அமைப்பில் வடிவமைப்புக் குறை இருந்ததாக அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. இழப்பீட்டுக் கணக்கைப் பற்றிய வாதம் அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான ஹைகோர்ட்வரை போய், 2024 நவம்பரில் அங்கே தீர்ப்பு வந்தது. அந்த வழக்கில் குறையை வெளிக்கொண்டுவந்த சூழல் எது தெரியுமா? மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து ஓட்டுவது. எந்த ஓட்டம் வடிகட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று எல்லோரும் நம்பினார்களோ அதே ஓட்டத்தில் கேட்டலிஸ்டின் முகத்தில் படிவு சேர்ந்தது. அந்த வண்டிகளில் ஓட்டுபவரே ரீஜெனைத் தொடங்கும் பொத்தான் 2018-இல்தான் வந்தது. அதற்கு முன் வண்டி வாங்கியவர்கள் வெள்ளைப் புகையோடு டீலரிடம் போய்ப் போய் வந்தார்கள்.

அதனால்தான் "நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை" என்ற பதிலை நான் அவ்வளவு வெறுக்கிறேன். சில சமயம் அது உண்மையாக இருக்கலாம். ஐந்தைந்து நிமிடமாக ஓட்டி, மணிக்கணக்கில் ஐட்லிங்கில் போட்டுவைத்தால் எந்த வடிகட்டியும் நிறையும். ஆனால் அது உண்மையா இல்லையா என்று முடிவுசெய்யும் ஆதாரம் உங்கள் கணினியில் இருக்கிறது, குற்றம் சாட்டப்படுபவர் கையில் இல்லை. அறுந்துபோன ரீஜென்கள் எத்தனை, ஐட்லிங் நேரம் எவ்வளவு, சராசரிப் பயணத் தூரம் என்ன என்பதை அச்செடுத்து அவரிடம் கொடுங்கள். அவர்மேல் தவறு என்றால் அவரே பார்த்துத் திருத்திக்கொள்வார். இல்லையென்றால் வாரண்டியை மறுக்க உங்களுக்கு வழியில்லை. இரண்டுமே நியாயம்தான்.

யூரியா திரவத்தின் பக்கமும் இதே கதை. ஆட்புளூ, டிஇஎஃப் என்று வேறுவேறு பெயரில் விற்பது எல்லாம் ஒன்றுதான்: 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் தாது நீக்கிய தண்ணீர். புகைக்குழாயின் சூட்டில் அது அம்மோனியாவாகி, எஸ்சிஆர் என்ற இன்னொரு கேட்டலிஸ்டில் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. நல்ல வேலைதான். ஆனால் பி20இஇ கோடு வந்து, இன்னும் இத்தனை கிலோமீட்டரில் வண்டி ஸ்டார்ட் ஆகாது என்று கவுண்ட்டவுன் தொடங்கும்போது, ஓட்டுபவர் முதலில் செய்வது இன்னொரு கேன் திரவம் வாங்கி ஊற்றுவது. பல சமயம் சிக்கல் திரவத்தின் அளவிலேயே இருக்காது.

முதலில் திரவத்தின் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்து 32.5-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பார்ப்பேன். நீண்ட நாள் வெயிலில் கிடந்த கேன் என்றால் திரவம் கெட்டிருக்கலாம், தண்ணீர் கலந்திருக்கலாம். டீசல் புனலையே இதற்கும் பயன்படுத்தி டீசல் கலந்திருந்தால் டேங்க், பம்ப், குழாய் எல்லாமே போச்சு, அதனால் தனிப் புனல் என்பது கட்டாயம். திரவம் சரி என்றால், திரவத்தைப் பீய்ச்சும் டோசிங் இன்ஜெக்டரைக் கழற்றி அளவு ஜாடிக்குள் விட்டு ஸ்கேனரில் டோசிங் டெஸ்ட் ஓட்டிப் பார்க்க வேண்டும். எத்தனை மில்லி வர வேண்டுமோ அத்தனை வருகிறதா, பூந்தூறலாக வருகிறதா, அல்லது ஒழுகுகிறதா? முனையில் வெள்ளைப் படிகம் அடைத்திருப்பது மிகச் சாதாரணம். அதற்கப்புறம் கேட்டலிஸ்டுக்கு முன்னும் பின்னும் உள்ள நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) சென்சார்கள், இடையில் எங்காவது புகைக்குழாய் ஒழுக்கு. இவை எல்லாம் தாண்டிய பிறகே கேட்டலிஸ்டைச் சந்தேகிக்க வேண்டும். கோடின் பெயரில் 'கேட்டலிஸ்ட் திறன் குறைவு' என்று இருப்பதாலேயே கேட்டலிஸ்டை மாற்றுவது, கதவு மணி அடிக்கவில்லை என்று கதவையே மாற்றுகிற வேலை என்று சொல்லத் தோன்றும். ஆனால் உங்கள் கையேடு அந்தப் பெயரில்தான் தொடங்குகிறது என்பதால் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல முடியாது.

இதில் எனக்குப் பொறுக்காதது அந்தக் கவுண்ட்டவுன். டேங்கைக் காலியாக விட்டவருக்கும், சென்சார் ஒன்று செத்துப்போனவருக்கும் ஒரே தண்டனை. முன்னவர் திரவம் ஊற்றித் தப்பித்துக்கொள்ளலாம். பின்னவர் என்ன செய்வார்? உதிரிபாகம் வந்துசேர நாளாகும், அதற்குள் வண்டி நின்றுவிடும். பழுதை நீக்கிய பிறகும் கவுண்ட்டவுன் சில வண்டிகளில் தானாக அழிவதில்லை. உங்கள் அனுமதி பெற்ற கருவி வேண்டும் என்கிறீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே 2025 ஆகஸ்டில் யூரியா அமைப்பில் சிக்கல் வந்ததும் வண்டியின் வேகம் திடீரெனக் குறைக்கப்படுவதைத் தளர்த்தும்படி தயாரிப்பாளர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. மாசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லி நான் கேட்கவில்லை. சென்சார் பழுதையும் திரவம் இல்லாததையும் பிரித்துப் பாருங்கள், எது காரணம் என்று திரையில் எழுதுங்கள், பழுது நீங்கியதைக் கணினியே சோதித்து உறுதிசெய்துகொள்ளட்டும்.

இதெல்லாம் செய்யாமல் விட்டதன் விலை என்ன என்று பாருங்கள். அந்த முகமை 2020-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அமெரிக்காவில் மட்டும் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் நீக்கப்பட்டிருப்பதாக மதிப்பிட்டது. வடிகட்டியை வெட்டி எடுத்து வெறும் குழாயை வைத்து, கணினியை ஏமாற்றும் மென்பொருளை ஏற்றிவிடுகிறார்கள். பல நாடுகளில் இது சட்டவிரோதம். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக அறிவித்துவிட்டது. அந்தக் கரியைத் தினமும் மூச்சில் இழுப்பவர்களில் மெக்கானிக்குகளும் உண்டு. வெட்டித் தரச் சொல்லி என்னிடம் வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அனுப்பும்போது அவர்களோடு பேசிப் பார்ப்பேன். அதிக பவர் வேண்டும் என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் என்னிடம் வருபவர்களில் பலர் அலுத்துப்போனவர்கள். ஒரே கோடு மூன்றாம் முறையாக வந்திருக்கும், இரண்டு முறை பணம் கட்டியிருப்பார்கள், காரணத்தை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து கொடுத்தால் அவர்களில் அநேகர் வெட்டும் பேச்சையே எடுப்பதில்லை.

ஆகவே சில மாற்றங்களைக் கேட்கிறேன். கரி அளவைச் சதவீதமாகத் திரையில் எப்போதும் பார்க்கும்படி வையுங்கள், டீசல் அளவு தெரிவதைப்போல. ரீஜென் தொடங்கியதும் ஒரு வரி, முடிந்ததும் ஒரு வரி. நடுவில் சாவியைத் திருப்பினால், இன்னும் இத்தனை நிமிடம் இருக்கிறது என்று ஒரு எச்சரிக்கை. ஓட்டுபவரே தொடங்கும் பொத்தான் எல்லா மாடலிலும் இருக்கட்டும், பாதுகாப்பு நிபந்தனைகளோடு. விளக்கு எரியும்போது இந்த வேகத்தில், இந்த ஆர்பிஎம்மில், இவ்வளவு நேரம் ஓட்டுங்கள் என்று எண்களாகச் சொல்லுங்கள். "கையேட்டைப் பார்க்கவும்" என்பது ஸ்டியரிங்கில் கை வைத்திருப்பவருக்கு உதவாது. கரி அளவு, சாம்பல் அளவு, கடைசி ரீஜெனின் தூரம், தடுக்கும் நிபந்தனை ஆகியவற்றைச் சாதாரண ஸ்கேனரும் படிக்கும்படி திறந்துவிடுங்கள். கையேட்டில் வடிகட்டி மாற்றம் என்பது கடைசிப் படியாக இருக்கட்டும். அதற்கு முந்தைய படிகள் ஒவ்வொன்றுக்கும் நல்ல வண்டியில் வர வேண்டிய எண்ணையும் அச்சிடுங்கள். ஐட்லிங்கில் அழுத்த வேறுபாடு எவ்வளவு, 2500 ஆர்பிஎம்மில் எவ்வளவு என்று தெரியாமல் நாங்கள் எதோடு ஒப்பிடுவது?

இவற்றில் கரி அளவுக்கும் ரீஜென் செய்திக்கும் புதிய பாகம் எதுவும் தேவையில்லை. அளவு ஏற்கெனவே கணினியில் இருக்கிறது, திரையும் வண்டியில் இருக்கிறது. இன்று சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கே அடுத்த மென்பொருள் அப்டேட்டில் கொடுக்கலாம். அதிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக் ஒருவர்